உஷார்! அது வெறும் தடுப்புச் சுவர் இல்லை

"அண்ணே, ஹாலுக்கும் ரூமுக்கும் நடுவுல இருக்கிற சுவத்தை எடுத்துட்டு ஒரே ஹாலா ஆக்கப் போறோம். நாளைக்குக் காலையில மேஸ்திரி வர்றார்."

திருச்சியிலிருந்து சித்தி மகன் போனில் சொன்னபோது இரவு ஒன்பதரை மணி. மகளுக்கு வளைகாப்பு, சொந்தபந்தம் உட்கார இடம் போதாது என்றான். கட்டட வேலையில் இருபது வருஷமாக இருக்கிறவன் நான். இரண்டே கேள்வி கேட்டேன். சுவர் எத்தனை இஞ்ச்? ஒன்பது. வீட்டில் பில்லர் இருக்கிறதா? "1988-ல அப்பா கட்டுன வீடுண்ணே, பில்லர் ஏது?" நான் வருகிறவரை யாரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்தேன். போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. மேஸ்திரிக்கு அடுத்த வேலை இருந்ததாம். சம்மட்டி ஏற்கெனவே இறங்கிவிட்டது.

சுவரின் நடுவில் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை. கீழே செங்கல் குவியல். மேல்தளத்தை ஒட்டி இரண்டு வரிசைக் கல் மட்டும் பல் வரிசை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே சுண்ணாம்புப் பூச்சில் தலைமுடி அகலத்தில் ஒரு கோடு, ஓட்டைக்கு நேர் மேலே தொடங்கி ஜன்னல் பக்கம் ஓடியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதிலிருந்து மாவு மாதிரி தூசி உதிர்ந்தது. மாடியில் வாடகைக்கு இருக்கிற குடும்பம், கைக்குழந்தையோடு. மொட்டை மாடியில் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி, "சுவத்துக்கு மேல வச்சா பலம்" என்று சரியாக அந்தச் சுவரின் நேர்கோட்டிலேயே வைத்திருந்தார்கள்.

"வெறும் தடுப்பு சார் இது. பத்து வீட்டுல இப்படி எடுத்திருக்கோம், ஒண்ணும் ஆகல" என்றார் மேஸ்திரி. அவர் பொய் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார். என்னை நடுங்க வைத்ததும் அந்த நம்பிக்கைதான்.

அந்தச் சுவர் தலையில் எவ்வளவு இருந்தது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் பத்தடி அகல அறைகள், நடுவில் 12 அடி நீளச் சுவர். இரு பக்கத் தளத்திலும் பாதிப் பாதி அந்தச் சுவரின் மேல்தான் உட்காருகிறது. அதாவது 120 சதுர அடி. 5 இஞ்ச் கான்கிரீட் தளம் என்றால் அதுவே மூன்றரை டன். மாடி வீட்டுக் கூரையும் அதே வழியில்தான் இறங்குகிறது, இன்னொரு மூன்றரை. மாடியில் இதே இடத்தில் நிற்கும் 9 இஞ்ச் சுவர், பத்தடி உயரம், கிட்டத்தட்ட ஐந்து டன். தொட்டி நிறைந்தால் ஒரு டன். ஆகப் பதின்மூன்று டன்! மொட்டை மாடி ஓட்டுத்தளம், டைல்ஸ், பீரோ, கட்டில், மனுஷர்கள் எதையும் இன்னும் சேர்க்கவே இல்லை. அந்த வளைகாப்பு ஹாலின் தலைக்கு மேல் லோடு ஏற்றிய லாரியை நிறுத்திவிட்டு, அதன் அடியில் இருந்த முட்டுக்கட்டையை உருவுகிற வேலை இது.

எடை பாதிக் கதைதான். கம்பி மீதிக் கதை. தளம் ஒரு சுவரைத் தாண்டிப் போகும்போது, சுவருக்கு நேர் மேலே அது மேல்பக்கம் விரிசல் விடப் பார்க்கும். அறையின் நடுவில் கீழ்ப்பக்கம் விரிசல் விடப் பார்க்கும். அதனால்தான் கம்பி கட்டுகிறவர்கள் கிராங்க் அடித்து, நடு அறையில் கீழே இருக்கிற கம்பியைச் சுவர் வருகிற இடத்தில் மேலே ஏற்றுகிறார்கள். சுவரை எடுத்துவிட்டால் அந்த இடமே அறையின் நடுவாகிவிடுகிறது. கீழ்ப்பக்கம் இழுவை வருகிறது. அங்கே இருக்க வேண்டிய கம்பியில் பெரும்பகுதி மேலே இருக்கிறது. போதாததற்குப் பத்தடி தாண்டிய தளம் இருபதடி தாண்ட வேண்டும். தூரம் இரட்டிப்பானால் வளைக்கிற விசை இரட்டிப்பாவதில்லை, நான்கு மடங்காகிறது. தொய்வு பதினாறு மடங்கு.

இவ்வளவு இருந்தும் இடித்த அன்றைக்கே ஏன் விழுவதில்லை? மேலே மிச்சமிருக்கிற செங்கல் ஒரு வளைவு மாதிரி பாரத்தைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். கான்கிரீட்டிலும் கொஞ்சம் கையிருப்பு பலம் இருக்கும். அதை வைத்துக்கொண்டு தளம் மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் தாக்குப் பிடிக்கும். பிறகு ஒரு ஐப்பசி மழையில் மொட்டை மாடி ஊறும். அல்லது ஒரு விசேஷத்துக்கு ஐம்பது பேர் மாடியில் பந்தி உட்காருவார்கள். மேஸ்திரியின் "பத்து வீடு" கணக்கில் அந்த நாள் வராது. அவர் கூலி வாங்கிக்கொண்டு எப்போதோ போயிருப்பார்.

மும்பை காட்கோபர், 2017 ஜூலை 25. நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்று இடிந்து விழுந்து 17 பேர் இறந்தார்கள். தரைத்தளத்தில் மருத்துவமனை இருந்த இடத்தில் அப்போது புதுப்பிப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. தூண்களில் கை வைத்துவிட்டார்கள் என்று அங்கே குடியிருந்தவர்கள் குற்றம் சாட்டினார்கள். தென்கொரியாவின் சியோலில் சாம்பூங் என்ற பெரிய கடைக் கட்டடம். நகரும் படிக்கட்டுக்கு இடம் வேண்டும் என்று தூண்களை வெட்டியிருந்தார்கள், மேலே ஒரு தளத்தையும் கூடுதலாக ஏற்றியிருந்தார்கள். அப்படியும் ஐந்து வருஷம் போல நின்றது. 1995 ஜூன் 29 அன்று மேல்தளத்தில் விரிசல் பெரிதானதைப் பார்த்து அதை மட்டும் மூடினார்கள். கீழே வியாபாரம் நடந்துகொண்டே இருந்தது. அன்று மாலை இடிந்ததில் 502 பேர் போனார்கள். அவ்வளவு பெரிய கடையை விடுங்கள். விரிசலைப் பார்த்த பிறகும் வேலையை நிறுத்தாத அந்த மனசு நம் தெருவிலும் இருக்கிறது.

நம் ஊரில் சுவரை இடிக்கக் காரணங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. ஓபன் கிச்சன் ஆசை. முன்பக்க அறையைக் கடையாக்கி ஷட்டர் போடுவது. வாஸ்து பார்க்க வந்தவர் "ஈசானியத்துல வாசல் வேணும்" என்று சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டுப் போவது. உங்கள் நம்பிக்கையை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் வாசலை எங்கே வைக்கலாம் என்று சொல்கிறவருக்கு அந்தச் சுவர் எதைத் தாங்குகிறது என்பது தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவர் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் மட்டுமே. இன்டீரியர் டிசைனரும் சொல்ல முடியாது, மேஸ்திரியும் சொல்ல முடியாது.

"நாலரை இஞ்ச் சுவர்தானே, தடுப்புதான்" என்று ஒரு பேச்சு உண்டு. நம்பாதீர்கள். பீம் போடாமல் நாலரை இஞ்ச் சுவரின் தலையிலேயே தளம் ஓட்டிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். தட்டிப் பார்த்துச் சத்தத்தை வைத்துச் சொல்வதும் நடக்காது. பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு என்றால் இன்னும் கவனம் வேண்டும்: தேக்கு உத்தரங்களின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும், சுவர் போனால் உத்தரத்துக்குப் பிடிப்பே கிடையாது. புது அடுக்குமாடிகளில் மைவான் முறையில், அதாவது அச்சில் கான்கிரீட் ஊற்றிக் கட்டியது என்றால் செங்கல்லே இருக்காது. அறைக்கு அறை நிற்கிற சுவர் பெரும்பாலும் கம்பி போட்ட கான்கிரீட். அங்கே ஏசி குழாய்க்கு ஓட்டை போடுவதைக்கூடக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். உங்கள் ஃப்ளாட்டின் சுவர் உங்களுக்கு மட்டும் சொந்தமும் இல்லை, மேலே இருக்கிற அத்தனை வீடும் அதன் மேல் நிற்கிறது. ரேரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் கட்டமைப்புக் குறைகளுக்குக் கட்டுநருக்கு ஐந்து வருஷப் பொறுப்பு உண்டு. நீங்கள் சுவரை இடித்திருந்தால் அந்தக் காரணத்தைக் காட்டியே அவர் கையை விரிப்பார்.

திருச்சிக்கு வருகிறேன். முதலில் மாடிக் குடும்பத்தைக் கீழே இறக்கினோம். அந்தப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, "என்னங்க ஆச்சு, சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு" என்றார். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. தொட்டியைத் திறந்து தண்ணீரை வடித்தோம். பக்கத்து சைட்டிலிருந்து ஜாக்கி முட்டும் சவுக்குக் கட்டையும் வாங்கி வந்து, இன்ஜினீயர் ஒருவரை வரவழைத்து, அவர் சொன்ன இடங்களில் சுவரின் இரண்டு பக்கமும் வரிசையாக முட்டுக் கொடுத்தோம். விரிசலின் குறுக்கே அவர் ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து ஒட்டினார். விரிசல் அசைந்தால் கண்ணாடி உடையும், அவ்வளவுதான் அதன் வேலை. மறுநாள் காலை பார்த்தபோது அது நடுவில் இரண்டாக வெடித்திருந்தது. இத்தனை முட்டுக்குப் பிறகும்! சித்தி மகன் அந்தத் துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை.

கடைசியில் இன்ஜினீயர் கணக்குப் போட்டு இரும்பு ஐ-பீம் ஏற்றினார்கள். இரண்டு முனையிலும் கான்கிரீட் படுகை, அடியில் அஸ்திவாரம் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று தோண்டிப் பார்த்தது, பீமுக்கும் தளத்துக்கும் இடையே சுருங்காத கலவை அடைத்தது எல்லாம் முடிய ஒரு மாதம் ஆனது. வளைகாப்பு மண்டபத்தில் நடந்தது. ஆக, ஹாலைப் பெரிதாக்கவே முடியாது என்பதில்லை. முடியும். பீமும் முட்டும் முதலில், சம்மட்டி கடைசியில். அதுவும் உள்ளாட்சி அனுமதியோடு.

ஏற்கெனவே இடித்துவிட்டவர்கள் இன்றைக்கே வீட்டைச் சுற்றிப் பாருங்கள். நேற்று வரை சரியாகச் சாத்திய கதவு இடிக்கிறதா, கதவு மூலையிலிருந்து சாய்வாக விரிசல் கிளம்புகிறதா, மேல்வீட்டு டைல்ஸ் தூக்குகிறதா, இரவில் தளத்தில் 'டிக்' என்று சத்தம் வருகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் பட்டி பார்த்து பெயின்ட் அடித்து மறைக்காதீர்கள். அந்த அறையையும் அதற்கு மேலே இருக்கிற அறையையும் காலி செய்துவிட்டு இன்ஜினீயரைக் கூப்பிடுங்கள். விரிசல் கண்ணெதிரே வளர்ந்தால் எல்லோரும் வெளியே வந்துவிட்டு 101-க்கு அடியுங்கள்.

நாளைக்கு மேஸ்திரி வருவதாக இருந்தால் இன்றிரவே போன் போட்டு நிறுத்துங்கள். மேல்வீட்டுக் கதவையும் ஒரு தடவை தட்டிச் சொல்லிவிடுங்கள்.