உண்ணாத வேளைக்கும் இன்சுலின்

சலரோகம் என்றும் சீனி வருத்தம் என்றும் மக்கள் வழங்கும் நீரிழிவைப் பற்றிப் பேச்செழுந்தால், உணவைப் பற்றிய பேச்சே முன்னிற்கும். எதை உண்ணலாம், எதை விலக்க வேண்டும், சோறு எவ்வளவு, இடியப்பம் எத்தனை என்பனவே வினாக்கள். ஆயின், ஒரு பருக்கையும் உட்செல்லாத நள்ளிரவிலும் உடல் இன்சுலினை வேண்டி நிற்கிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. உண்ணாதவனுக்கு மருந்து எதற்கு என்ற எண்ணத்தால் ஊசியை முற்றாக நிறுத்தி ஆபத்துக்குள்ளானோர் உண்டு. ஆதலின் இக்கேள்விக்கு விடை காண்பது முதற்கடமையாகும்.

விடை ஈரலில் இருக்கிறது. வளர்ந்த ஒருவரின் உடலிலே சுற்றியோடும் குருதி ஏறத்தாழ 5 லீற்றர். அதில் எந்நேரமும் கரைந்திருக்கும் சர்க்கரையோ ஏறக்குறைய 5 கிராம் மாத்திரமே. அதாவது ஒரு தேக்கரண்டிச் சீனியளவு. மூளை இடையறாது சர்க்கரையைச் செலவிடுவது. அச்செலவை ஈடுசெய்ய, ஈரல் தன் களஞ்சியத்திலிருந்து மணித்தியாலத்திற்கு ஏறத்தாழ 7 கிராம் சர்க்கரையைக் குருதியிற் சேர்த்துக்கொண்டேயிருக்கும். குருதியில் மொத்தமாக இருப்பதிலும் கூடிய அளவை ஒவ்வொரு மணித்தியாலமும் ஈரல் வழங்குகிறது என்றால், அந்த மதகைக் கட்டுப்படுத்த ஒரு காவலன் வேண்டுமன்றோ? அக்காவலனே இன்சுலின். சுகதேகியின் சதையி இதனைச் சிறுகச் சிறுக இரவும் பகலும் சுரந்துகொண்டிருக்கும். உணவு வரும்போது மாத்திரம் தாராளமாகச் சுரக்கும். முன்னையதை அடிப்படை இன்சுலின் என்றும், பின்னையதை உணவு இன்சுலின் என்றும் வேறுபடுத்திக் கூறலாம்.

முதலாம் வகை நீரிழிவில் இவ்விரண்டும் அற்றுப்போகின்றன. 1922ஆம் ஆண்டு ஜனவரி மாதம் தொறன்ரோ நகரில் லெனாட் தொம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்பட்டதிலிருந்து, வைத்தியர்கள் ஈடுபட்டுவந்த பெருமுயற்சி இயற்கையின் இவ்விரு சுரப்புகளையும் ஊசியால் ஒப்பனை செய்வதேயாகும். உணவு இன்சுலினை ஒப்பனை செய்வது ஓரளவு எளிது. அடிப்படை இன்சுலினே கடினமானது. ஒருமுறை தோலடியிற் செலுத்திய மருந்து, பொழுதுக்குப் பொழுது மாறும் உடலின் தேவையை அறிந்து கூடிக் குறைய மாட்டாது.

இக்குறையைப் போக்க எழுந்ததே இன்சுலின் பம்பி. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க வைத்தியர் அர்னோல்ட் கடிஷ் அமைத்த கருவி முதுகிற் சுமக்கும் பொதியளவு பெரிது. 1978ஆம் ஆண்டு இலண்டன் கைஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த ஜோன் பிக்கப், ஹரி கீன் முதலியோர், இடையறாது தோலடியில் இன்சுலின் செலுத்தும் முறையைச் சிறிய பம்பியொன்றின் துணைகொண்டு நிறுவிக் காட்டினர். இன்றைய பம்பி உள்ளங்கையில் அடங்கும். அதனுள் விரைவாகச் செயற்படும் இன்சுலின் 200 அல்லது 300 அலகு இருக்கும். மெல்லிய குழாயொன்று வயிற்றுத் தோலின் கீழ் அமர்ந்திருக்க, பம்பி சில நிமிடங்களுக்கு ஒருமுறை நுண்ணிய துளியொன்றைத் தள்ளும். நீண்ட நேரம் செயற்படும் இன்சுலின் இதில் இல்லை. விரைவு இன்சுலின் ஒன்றே துளித்துளியாகச் சேர்ந்து அடிப்படையாகிறது. ஒரு மணித்தியாலத்தில் இத்தனை அலகு என்று பம்பிக்கு இடும் கட்டளைக்கே அடிப்படை வீதம் என்று பெயர்.

அவ்வீதத்தைத் தொடக்கத்தில் எவ்வாறு வகுப்பது? கணக்கு எளியது. ஒருவர் ஊசி முறையில் நாளொன்றுக்கு 40 அலகு பெற்றுவந்தார் எனக் கொள்க. பம்பியில் மருந்து சிக்கனமாக வேலை செய்வதால் வைத்தியர் அதில் ஐந்திலொன்றைக் கழிப்பார், மீதி 32. அதிற் பாதி உணவுக்கு. மறுபாதியாகிய 16 அலகு அடிப்படைக்கு. அதனை 24 மணித்தியாலத்துக்குப் பகிர்ந்தால் மணித்தியாலத்திற்கு 0.65 அலகு அளவில் வரும். இது தொடக்கமே அன்றி முடிவன்று. இந்த எண்ணை வேதவாக்காகக் கொண்டு மாதக்கணக்காக மாற்றாதிருப்போர் பலர்; அவர்களிடத்தில் விலைமிக்க பம்பி, விலைமிக்க ஊசியாகவே இருந்துவிடுகிறது.

மனித உடல் 24 மணித்தியாலமும் ஒரே சீராக இயங்குவதன்று. துயிலின்போது வளர்ச்சி ஓமோன் சுரக்கிறது. விடியலை அண்டிக் கோட்டிசோல் என்னும் ஓமோன் பெருகுகிறது. இவை இன்சுலினின் வலிமையைக் குறைத்து, ஈரலைக் கூடுதலாகச் சர்க்கரை வழங்கத் தூண்டுவன. ஆதலால் அதிகாலை 3 மணியளவிலிருந்து காலை 7, 8 மணிவரை வளர்ந்தோர் பலருக்கு இன்சுலின் தேவை உயரும். இதனை வைத்தியர்கள் விடியல் நிகழ்வு என்பர். சிறு பிள்ளைகளுக்கோ இரவின் முற்பகுதியிலேயே தேவை மிகுவதுண்டு. குமரப் பருவத்தில் எல்லாத் தேவையும் ஏறும், முதுமையில் இறங்கும். எனவே ஒருவருக்கு வகுத்த வீதம் மற்றொருவருக்குப் பொருந்தும் என எதிர்பார்ப்பது, ஒருவர் மூக்குக்கண்ணாடியை மற்றவர் அணிவது போலாகும்.

வீதம் சரியோ தவறோ என்பதை அறியும் வழி, உணவை விலக்கிப் பார்ப்பதே. உணவும் அதற்கான மருந்தும் கலந்திருக்கும் வேளையில் எது எதைச் செய்தது என்று பிரித்தறிய இயலாது. முதலில் இரவைச் சோதிப்பது நன்று. இரவே நீண்ட பட்டினி; உறக்கத்தில் வரும் சர்க்கரைக் குறைவே பேராபத்தும் ஆகும். அன்று மாலையில் நேரத்தோடு, அளவறிந்த எளிய உணவொன்றை உண்ண வேண்டும். பொரித்தவையும் கொழுப்பு மிக்கவையும் ஆகா. அவை நள்ளிரவுக்குப் பின்னும் செரித்துக்கொண்டிருந்து சோதனையைக் கெடுக்கும். உண்டு, அதற்கான மருந்தும் ஏற்றி 4 மணித்தியாலம் கழிந்தபின் சோதனை தொடங்கலாம். படுக்கும்போது, நள்ளிரவில், 2 மணிக்கு, 4 மணிக்கு, விழிக்கும்போது எனச் சர்க்கரையை அளந்து குறித்துவைக்க வேண்டும். தோலின் மீதமரும் உணர்கருவி உடையோருக்கு இந்த விழிப்புத் தொல்லை இல்லை. தொடக்க அளவு 100 மில்லிகிராமுக்குக் குறைந்தோ 250க்கு மேற்பட்டோ இருப்பின் அன்று சோதனை வேண்டா. இடையில் 70க்குக் கீழ் இறங்கினால், சோதனையை அக்கணமே கைவிட்டு 15 கிராம் அளவு குளுக்கோசோ சீனியோ உட்கொள்ள வேண்டும். காய்ச்சல் நாளும், வழக்கத்துக்கு மாறாக உடலுழைத்த நாளும், அன்றே ஒருமுறை சர்க்கரை தாழ்ந்துபோன நாளும் சோதனைக்கு உதவா. பெண்களுக்கு மாதவிடாயை ஒட்டிய நாட்களும் அவ்வாறே. அக்காலத்துக்கெனத் தனி வீத அட்டவணை வைத்திருப்போரும் உளர்.

இரவு முழுவதும் ஏற்றமோ இறக்கமோ 30 மில்லிகிராமுக்குள் அடங்கினால் வீதம் பொருந்தியுள்ளது எனலாம். அடங்காவிடின்? ஓர் எடுத்துக்காட்டை நோக்குக. மேற்சொன்ன 0.65 அலகு வீதம் கொண்டவரின் அளவுகள் இரவு 10 மணிக்கு 128, நள்ளிரவில் 131, 2 மணிக்கு 126, 4 மணிக்கு 139, காலை 6 மணிக்கு 187. நள்ளிரவு வரையும் அதற்கப்பாலும் குறையொன்றுமில்லை. ஏற்றம் 4 மணியை அண்டியே தொடங்குகிறது. உடனே 4 மணி வீதத்தைக் கூட்டிவிடலாம் என்று தோன்றும். பலர் தவறுவது இவ்விடத்திலேதான். தோலடியிற் சேரும் இன்சுலின் குருதியிற் கலந்து தொழிற்பட நேரம் பிடிக்கும். அதன் வலிமை உச்சத்தை எய்த ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகும். முற்றாக அடங்க 4 மணித்தியாலமளவு செல்லும். ஆதலின் 4 மணிக்கு நேரும் குறையை 2 மணிக்கே எதிர்கொள்ள வேண்டும். நெல்லுக்கு நீர் வேண்டிய நேரத்தில் வாய்க்காலைத் திறப்பவன் பிந்தியவனே. நீர் நடந்து வரும் நேரத்தையும் கணக்கிட வேண்டுமல்லவா?

எனவே அவருக்கு 2 மணியிலிருந்து 6 மணிவரை வீதத்தை 0.75 ஆக்கலாம். மணித்தியாலத்திற்கு 0.1 ஆக நான்கு மணித்தியாலத்துக்கும் சேர்த்து 0.4 அலகே கூடுகிறது. ஓர் அலகு அவருக்கு 50 மில்லிகிராமைத் தாழ்த்துமெனின் இதனால் ஏறத்தாழ 20 தாழும். காலை அளவு 170ஐ அண்டும். இது போதாது. ஆயினும் அதே இரவில் 0.2 கூட்டாது, இரண்டு மூன்று இரவுகள் பொறுத்து, அதே போக்கு மீண்டும் காணப்பட்டபின்னரே 0.85க்கு ஏற்ற வேண்டும். ஒரு தடவையில் நூற்றுக்குப் பத்திலிருந்து இருபது வரையிலான மாற்றமே தகும். ஓரிரவின் எண் செய்தியன்று. சில இரவுகளின் போக்கே செய்தி. இம்மாற்றங்களைச் சிகிச்சையளிக்கும் வைத்தியரோடு கலந்தே செய்ய வேண்டுமென்பது சொல்லாமலே விளங்கும்.

இத்தனை நிதானம் வேண்டப்படுவதற்குத் தக்க காரணமுண்டு. 1993ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் கனடாவிலும் 1441 பேரிடம் நடத்திய பேராய்வின் முடிவு வெளியாயிற்று. பம்பியாலோ, நாளொன்றுக்கு மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஊசிகளாலோ சர்க்கரையை நெருக்கிக் கட்டுப்படுத்தியோரில், தொடக்கத்தில் கண்ணில் நோயில்லாதிருந்தவர்களுக்கு விழித்திரை நோய் தோன்றும் வாய்ப்பு நூற்றுக்கு 76 பங்கு குறைந்தது. ஆயின் அதே மக்களிடத்துப் பிறர் உதவியின்றி மீள இயலாத கடுஞ் சர்க்கரைக் குறைவு ஏறத்தாழ மூன்று மடங்காயிற்று. கண்ணைக் காக்கும் மருந்தே உறக்கத்தில் உயிரை வாட்டும். அக்காலத்திலும் பார்க்க இன்றைய மருந்துகளும் கருவிகளும் மேலானவை. எனினும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒற்றையடிப் பாதையிலேதான் வீதத்தைத் திருத்துவோர் நடக்கிறார்கள்.

பகற்பொழுதையும் இவ்வாறே பகுதி பகுதியாகச் சோதிக்கலாம். ஒருநாள் காலையுணவையும், வேறொருநாள் மதிய உணவையும், மற்றொருநாள் இராவுணவையும் தவிர்த்து அளப்பது முறை. விரதமும் நோன்பும் அனுட்டிப்போர் இங்கே கவனிக்கத்தக்க ஒன்றுண்டு. வீதம் செம்மையாக அமைந்தவருக்கு ஒருவேளை உணவு தவறினாலும் சர்க்கரை பெரிதும் அசையாது. உணவு சற்றுப் பிந்தினாலே நடுங்கி வியர்ப்பவருக்கு அடிப்படை வீதம் தேவைக்கு மிகுந்திருத்தல் கூடும். அவர் உணவைக் கொண்டு வீதத்துக்குத் தீனிபோட்டு வருகிறார். இதற்கு மாறாக, உணவுக்கான மருந்தைக் குறைவாக ஏற்றிவிட்டு, அதன்பின் எழும் சர்க்கரையை அடிப்படை வீதத்தால் அடக்க முயல்வோரும் உளர். உண்ணும் நாள்வரை இந்த ஏற்பாடு ஒருவாறு நடக்கும். உண்ணாத நாளில் கவிழும்.

எண் ஏறிவிட்டதென்று வீதத்தைத் தொடுமுன் பம்பியையே ஐயுற வேண்டும். குழாய் மடங்கியிருக்கலாம், காற்றுக்குமிழி புகுந்திருக்கலாம், மூன்று நாளுக்கு மேல் ஒரே இடத்தில் இருந்ததால் தோல் தடித்திருக்கலாம், வெயிலில் மருந்து வலுவிழந்திருக்கலாம். பம்பியில் நீண்டநேர இன்சுலின் இல்லையென்று முன்னர்க் கூறியது இவ்விடத்துப் பெருவிளைவுடையது. வழங்கல் தடைப்பட்டாற் சில மணித்தியாலத்துக்குள் உடலில் இன்சுலின் அற்றுப்போகும். கீற்றோன் என்னும் நச்சுப்பொருள் திரளும். வாந்தியும் மூச்சுவாங்கலும் தொடரும். காரணமறியா ஏற்றம் திருத்த மருந்துக்கு இணங்காவிடின், குழாயை மாற்றி, ஊசியால் மருந்தேற்றி, கீற்றோனைச் சோதித்து, அதுவும் கூடியிருப்பின் காலந்தாழ்த்தாது வைத்தியசாலையை நாட வேண்டும். ஊசியை வீட்டிலே வையாது பம்பியை மாத்திரம் நம்பியிருப்பது அறிவுடைமையன்று.

நிலையான மாற்றமன்றித் தற்காலிக மாற்றமும் உண்டு. ஓட்டம், நீச்சல் முதலியவற்றில் ஈடுபடுவோர் ஒன்று அல்லது ஒன்றரை மணித்தியாலம் முன்னரே வீதத்தைப் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைத்துக்கொள்வர். காய்ச்சற் காலத்தில் ஏற்ற நேரும். குறித்துவைத்த நேரம் முடிந்ததும் பழைய வீதம் தானே திரும்பும்.

2016ஆம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதி பெற்ற கருவியொன்றைத் தொடர்ந்து, சர்க்கரையை 5 நிமிடத்துக்கு ஒருமுறை உணர்ந்து அடிப்படை வீதத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் பம்பிகள் பல வந்துள்ளன. அப்படியாயின் மேற்கூறிய உழைப்பெல்லாம் வீணோ என்று கேட்கலாம். உணர்கருவி கழன்றாலும் பழுதுற்றாலும் அக்கருவிகள் மனிதர் பதித்துவைத்த வீதத்துக்கே மீளுகின்றன. பதித்த எண் பழையதாயின் அன்றைய இரவு பழைய இரவாகவே இருக்கும்.

பம்பி இல்லாதோருக்கும் இந்த ஆராய்ச்சியில் ஒரு பங்குண்டு. விடியலிற் சர்க்கரை ஏறியிருக்கக் கண்டு, இரவு ஊசியின் அளவை உயர்த்துவது எங்கும் காணும் வழக்கம். அந்த ஏற்றம் விடியல் நிகழ்வாகவும் இருக்கலாம். இரவுணவின் மிச்சமாகவும் இருக்கலாம். நள்ளிரவில் தாழ்ந்தவர் அரைத்தூக்கத்தில் எழுந்து எதையோ உண்டதன் விளைவாகவும் இருக்கலாம். நள்ளிரவுத் தாழ்வுக்கு உடலே எதிர்வினை காட்டி விடியலில் ஏற்றுகிறது என 1938ஆம் ஆண்டு மைக்கேல் சொமோஜி கூறிய கருத்து நெடுங்காலம் ஆண்டது. இடையறா உணர்கருவிகள் வந்தபின், அது முன்னர் நினைத்த அளவு பரவலானதன்றெனத் தெரிகிறது. எதுவாயினும் பிரித்தறியும் வழி ஒன்றே. அதிகாலை 3 மணிக்கு ஒருமுறை விரல் நுனியைக் குத்தி அளந்து பார்ப்பது. மாலையில் ஏற்றிய நடுத்தர இன்சுலின் உச்சங்கொள்வதும் பெரும்பாலும் அந்த நள்ளிரவுப் பொழுதிலேயே. அதனாற்றான் அவ்வூசியை மாலையிலிருந்து படுக்கை நேரத்துக்கு மாற்றும்படி வைத்தியர் பலர் பணிக்கிறார்கள்.