கதிர் பட்ட ரத்தக்குழாயின் சுரப்புகள்

நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரயிலேறித் தம்பானூரில் இறங்கும் தமிழ் நோயாளிகளில் பலர், 1981-இல் தொடங்கப்பட்ட திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தை நாடிச் செல்பவர்கள். ‘கரண்டு வைத்தல்’ என்று பேச்சில் வழங்கும் கதிர்வீச்சுச் சிகிச்சை, பெரும்பாலும் நாளொன்றுக்கு 2 கிரே வீதம், வாரத்துக்கு ஐந்து நாளாகப் பல வாரங்கள் அளிக்கப்படுவதாகும். ஒரு கிலோ திசு ஒரு ஜூல் ஆற்றலை உள்வாங்கினால் அது ஒரு கிரே.

கட்டியைக் குறிவைத்துச் செல்லும் கதிர், வழியிலுள்ள ரத்தக்குழாய்களின் உட்புறத்தை ஒற்றை அடுக்காகப் போர்த்தியிருக்கும் எண்டோதீலியச் செல்களின் மீதும் படுகிறது. வெறும் உறையாக நெடுங்காலம் கருதப்பட்ட இச்செல்கள் உண்மையில் ஓயாத சுரப்பிகள். குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடும், தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கும் புரோஸ்டாசைக்ளினும் இவற்றில் பிறக்கின்றன. ரத்தம் உறைவதைக் கட்டுப்படுத்தும் திராம்போமாடுலின் இவற்றின் மேற்பரப்பில் அமர்ந்திருக்கிறது.

கதிர் பட்டதும் செல்லிலுள்ள நீர் மூலக்கூறுகள் சிதைந்து, எதனோடும் வினைபுரியத் துடிக்கும் ஆக்சிஜன் துணுக்குகள் உண்டாகி, நைட்ரிக் ஆக்சைடைப் பயனற்ற, சில வேளை தீங்கான சேர்மங்களாக மாற்றிவிடுகின்றன. அதே வேளையில் அழற்சிக்குரிய மரபணுக்களை இயக்கும் என்.எஃப்.-கப்பா-பி என்ற புரதம் விழித்துக்கொள்ள, ஐகேம்-1, ஈ-செலக்டின் போன்ற ஒட்டு மூலக்கூறுகள் செல்லின் முகப்பில் பெருகி, ஓடும் வெள்ளணுக்களைப் பிடித்து நிறுத்துகின்றன. திராம்போமாடுலின் குறைகிறது, தட்டணுக்களைச் சுவரோடு பிணைக்கும் வான் வில்லிபிராண்ட் காரணியோ மிகுதியாக வெளியேறுகிறது. வழுக்கிச் செல்லவிட்ட சுவர், இவ்வாறு பற்றிப் பிடிக்கும் சுவராகிறது.

இதில் கவனிக்கத்தக்கது, இச்செல்களில் பல இறந்துவிடாமல், பிரியும் ஆற்றலை மட்டும் இழந்து முதுமையடைந்த நிலையில் தவறான சுரப்பைத் தொடர்வதுதான். மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர் பெற்ற சுவீடன், டென்மார்க் பெண்களைப் பற்றி 2013-இல் வெளிவந்த ஆய்வு, இதயம் பெற்ற சராசரி அளவில் ஒவ்வொரு கிரேக்கும் இதயத் தமனி நோய்க்கான வாய்ப்பு ஏறத்தாழ 7.4 விழுக்காடு உயர்வதையும், அது இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் நீடிப்பதையும் காட்டியது. இடது மார்பகத்துக்குக் கதிர் தரும்போது நோயாளியை மூச்சை இழுத்து நிறுத்தச் சொல்வது, விரியும் நுரையீரல் இதயத்தைக் கதிரின் பாதையிலிருந்து விலக்கும் என்பதனாலேயே.

ஒரு கிரேக்குக் குறைவான அளவிலோ வெள்ளணுக்கள் ஒட்டுவது குறைவதைச் சோதனைகளில் காண்கிறோம். குதிகால் வலிக்கு ஜெர்மனியில் சிறிதளவு கதிர் தரப்படுவதற்கு இதுவும் ஓர் அடிப்படை. இதைக் கொண்டு, இயற்கையாகவே கதிர்வீசும் தோரியம் கலந்த மோனசைட் மணல் பரவிய, கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கடற்கரை மக்களின் ரத்தக்குழாய்களைப் பற்றி முடிவுகட்டிவிட இயலாது. அங்கே ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுகச் சேர்வது மில்லிகிரே கணக்கிலானது. சிகிச்சை மேசையிலோ 2 கிரேயும் சில நிமிடங்களில் உடலில் இறங்கிவிடுகிறது.