டேப்பெட் சத்தமா? கொஞ்சம் பொறுங்கள்!

(இறுதியாண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு)

நண்பர்களே, காலையில் காரை ஸ்டார்ட் செய்தவுடன் 'டிக்... டிக்... டிக்...' என்று தையல் மெஷின் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் வருகிறதே, அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. சிவில், எலக்ட்ரிகல் நண்பர்கள் பக்கத்தைத் தள்ளிவிட வேண்டாம். உங்கள் சித்தப்பாவோ, தெருக்காரரோ, "நீதான் பாலிடெக்னிக் படிக்கிறியே, இது என்னன்னு பாரு" என்று ஒரு நாள் கூப்பிடத்தான் போகிறார்கள். (வீட்டிலேயே முதன்முதலாகப் படிக்க வந்தவனிடம் எந்த பிராஞ்ச் என்று யாரும் கேட்பதில்லை. மிக்ஸி முதல் டிராக்டர் வரை எல்லாம் நம் தலையில்தான்!)

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் சத்தத்தைக் கவனிக்க வேண்டும். கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று. ஐடிலிங்கில் இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று என்றால் கேம் 400தான். ஆக, ஒரே ஒரு வால்வு தட்டினால் நொடிக்கு ஆறேழு 'டிக்' கேட்கும். அப்படியில்லாமல் அடியிலிருந்து கனமாக 'டங் டங்' என்று வந்தால் அது பேரிங் சமாசாரம். உடனே இன்ஜினை ஆஃப் செய்யுங்கள்.

அடுத்து டிப் ஸ்டிக். ஆயில் குறைவாக இருந்தாலே இந்தச் சத்தம் வரும். இதைப் பார்க்காமல் ராக்கர் கவரைக் கழற்றியவர்கள் உண்டு! ஆயில் சரியென்றால், நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை ராக்கர் கவரில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேளுங்கள். ஃபேன் பெல்ட் பக்கம் மட்டும் தலையைக் கொண்டுபோக வேண்டாம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட் ஓட்டை என்றாலும் ஏறக்குறைய இதே சத்தம்தான். இன்ஜின் சூடாகி இரும்பு விரிந்ததும் ஓட்டை அடைபட்டுச் சத்தம் குறைந்துவிடும். அதனால் பலர் அதை டேப்பெட் என்றே நினைத்து ஏமாறுகிறார்கள். குளிர்ந்த இன்ஜினில் கேஸ்கெட் ஓரம் கறுப்பாகக் கரி படிந்திருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

சரி, உண்மையிலேயே டேப்பெட்தான் என்றால்? திருமங்கலம் பக்கம் நான் பயிற்சிக்குப் போன ஷெட்டுக்கு ஒரு பழைய அம்பாசிடர் வந்தது. 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின். 2014-லேயே அம்பாசிடர் உற்பத்தி நின்றுவிட்டாலும், கல்யாண ஊர்வலத்துக்கு இன்னும் கேட்கிறார்களாம். டிரைவர் அண்ணன் ஒரே பிடியாக நின்றார். "சத்தமே வரக்கூடாதுண்ணே. நல்லா டைட் வச்சு விட்ருங்க." மிஸ்திரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "டைட் வச்சா இன்னைக்குச் சத்தம் நிக்கும். அப்புறம் ஒருநா வண்டியே நிக்கும். எது வேணும்?"

இங்கேதான் விஷயமே இருக்கிறது. வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவில் அந்த இடைவெளியை வேண்டுமென்றுதான் விட்டிருக்கிறார்கள். ஓடும்போது எக்ஸாஸ்ட் வால்வின் தலை 700 டிகிரி வரைகூடப் போகும். சூட்டில் வால்வு நீளும். இடைவெளி இல்லாவிட்டால் நீண்ட வால்வு சீட்டில் முழுதாக உட்காராது. வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியை சீட்டில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் ஹெட்டுக்குக் கொடுக்கிறது. உட்காரவே விடாவிட்டால் அது எரிந்து ஓரம் கடித்துப் போகும், கம்ப்ரஷன் போகும், அப்புறம் ஹெட் வேலை. தட்டுகிற வால்வு காதுக்குத்தான் தொந்தரவு. டைட்டான வால்வு சத்தமில்லாமல் செலவு வைக்கும்.

பழைய அம்பாசிடரில் இன்னொரு சங்கதி. அதன் ஹெட் வார்ப்பிரும்பு, சீட்டை அதிலேயே கடைந்திருப்பார்கள். ஈயம் கலந்த பெட்ரோல் இருந்த காலத்தில் ஈயப் படிவு அந்த சீட்டுக்கு மெத்தை மாதிரி உதவியது. 2000 பிப்ரவரியோடு நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் நின்றது. அதன்பின் இம்மாதிரி சீட்கள் தேய்ந்து, வால்வு கொஞ்சங் கொஞ்சமாக உள்ளே இறங்கும். இறங்க இறங்க இடைவெளி தானாகவே குறையும், சத்தமும் குறையும். 'வண்டி இப்ப ஸ்மூத்தா ஓடுது' என்று சந்தோஷப்படுகிற நேரத்தில் வால்வு எரிந்துகொண்டிருக்கும்!

அந்த இன்ஜினுக்கு இடைவெளி 15 தவ், அதாவது 0.38 மி.மீ. செட்டிங்குக்கு அழகான ஒரு கணக்கு உண்டு. முன்னாலிருந்து வால்வுகளுக்கு 1 முதல் 8 வரை எண் கொடுங்கள். கூட்டினால் 9 வர வேண்டும். 8-வது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது 1-ஐ செட் செய்ய வேண்டும். 4 திறந்திருந்தால் 5. மார்க்கைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. சூட்டில் செட் செய்வதா, ஆறிய பிறகா என்பதை மட்டும் மேனுவல் பார்த்துச் செய்யுங்கள்.

எங்கள் வண்டியில் 5-வது வால்வில் ஃபீலர் கேஜ் சரியாக 15 காட்டியது. ஆனாலும் தட்டியது அதுதான். ராக்கரைக் கழற்றினால், வால்வில் படும் முகத்தில் நகம் பதிந்த மாதிரி ஒரு குழி. தட்டையான கேஜ் தகடு குழியின் மேலே பாலம் போல நின்றுவிடுகிறது. வால்வு நுனியோ குழிக்குள் போகிறது. கேஜில் 15 என்றால் உண்மையில் அதைவிட அதிகம். ராக்கர் ஷாஃப்டின் அடிப்பக்கமும் தேய்ந்து படியாகியிருந்தது. இரவெல்லாம் ஆயில் சம்ப்புக்கு இறங்கிவிடும். காலையில் அது கடைசியாகப் போய்ச் சேரும் இடங்களில் ஒன்று இந்த ஷாஃப்ட். ஸ்டார்ட்டிங்கில் மட்டும் அதிகமாகத் தட்டியது அதனால்தான்.

இப்போதைய கார்கள் பலவற்றில் ஹைட்ராலிக் டேப்பெட், திருக ஸ்குரூவே கிடையாது. அதில் காலை நேர 'டிக்' சில நொடிகளில் நின்றால் பயமில்லை, நிற்காவிட்டால் ஆயிலையும் ஃபில்டரையும் பாருங்கள். இன்ஜெக்டரும் லேசாக 'டிக்' என்னும். அது அதன் சுபாவம், விட்டுவிடுங்கள்.

அம்பாசிடருக்கு மதுரையில் நாலு கடை ஏறி இறங்கித்தான் சாமான் கிடைத்தது. ஒரு ஷாஃப்ட், இரண்டு ராக்கர், ஒரு கவர் கேஸ்கெட். ஹெட்டைத் தொடவே இல்லை. மறுநாள் காலை ஸ்டார்ட் செய்தபோது முதல் இரண்டு மூன்று நொடிக்கு லேசாகத் தட்டியது. டிரைவர் அண்ணன் மிஸ்திரியைப் பார்த்தார். மிஸ்திரி, "அது கெடக்கட்டும்" என்று பானெட்டை மூடிவிட்டார்.