ஆம்புலன்ஸ் ஊழியருக்கு "பொறுங்கள்" என்று சொல்லும் உரிமை உண்டா?

புது தில்லி: 2020 பிப்ரவரி 26, நள்ளிரவு 12.30 மணி. தில்லி உயர் நீதிமன்ற நீதிபதி எஸ். முரளிதரின் இல்லத்தில் அவசர வழக்கு ஒன்று விசாரணைக்கு வந்தது. 53 பேரைப் பலிகொண்ட வடகிழக்கு தில்லி கலவரம் அப்போது தணிந்திருக்கவில்லை. முஸ்தஃபாபாத் பகுதியில் உள்ள அல்-ஹிந்த் என்ற சிறிய மருத்துவமனையில் காயமுற்ற 22 பேர் சிக்கியிருந்தனர். மாலை 4 மணியிலிருந்து போலீஸ் உதவி கேட்டும் கிடைக்கவில்லை என்று அங்கிருந்த மருத்துவர் தொலைபேசியில் நீதிபதிகளிடமே முறையிட்டார்.

நீதிபதிகள் முரளிதர், அனூப் ஜெய்ராம் பம்பானி பிறப்பித்த உத்தரவு கவனிக்கத்தக்கது. காயமுற்றோரைப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப் பாதுகாப்பான வழியை ஏற்படுத்தித் தருமாறு காவல் துறைக்கு அவர்கள் ஆணையிட்டனர். அதன் பின்னரே காயமுற்றோர் அங்கிருந்து மாற்றப்பட்டனர். ஆபத்தான இடத்துக்குள் ஆம்புலன்ஸ் செல்ல வேண்டுமானால், அந்த இடத்தைப் பாதுகாப்பானதாக்கும் கடமை யாருடையது என்ற கேள்விக்கு அன்றிரவு விடை கிடைத்தது. ஆனால், அன்றாடப் பணியில் அந்த விடை ஊழியர்களுக்குக் கிடைப்பதில்லை.

களமும் கட்டுப்பாட்டு அறையும்: சம்பவ இடம் பாதுகாப்பானதா என்று உறுதிசெய்த பிறகே வண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்பது அவசர மருத்துவப் பயிற்சியின் முதல் பாடம். காப்பாற்றச் சென்றவரே காயமுற்றால், சிகிச்சை தேவைப்படுவோரில் ஒருவர் கூடுகிறார். சிகிச்சை அளிப்போரில் ஒருவர் குறைகிறார்.

கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்திருக்கும் மேலதிகாரியின் கவலை வேறு. ஹைதராபாதில் 2005 ஆகஸ்ட் 15-இல் தொடங்கிய 108 சேவை, இன்று பல மாநிலங்களில் அரசு ஒப்பந்தத்தின் பேரில் தனியார் அமைப்புகளால் நடத்தப்படுகிறது. அழைப்பு வந்து எத்தனை நிமிஷங்களில் வண்டி சென்று சேர்ந்தது என்பதே அதன் முக்கிய அளவுகோல். "கூட்டம் கையில் கட்டையுடன் நிற்கிறது, போலீஸ் வரட்டும்" என்று ஊழியர் கூறினால், அது தாமதமாகவே பதிவாகும். பணி நிரந்தரம் இல்லாதவர் எத்தனை முறை அப்படிக் கூறத் துணிவார்?

மேலதிகாரியின் வாதத்திலும் நியாயம் உண்டு. ஒவ்வொரு ஊழியரும் தயங்கினால், ரத்தம் இழந்துகொண்டிருப்பவரின் கதி என்ன?

ஆயினும் ஆபத்து கற்பனையன்று. 2008 ஜூலை 26-இல் ஆமதாபாதில் 56 பேர் உயிரிழந்த தொடர் குண்டுவெடிப்பின்போது, காயமுற்றோர் கொண்டுவரப்பட்டுக்கொண்டிருந்த அரசு பொது மருத்துவமனை வளாகத்திலேயே குண்டுகள் வெடித்தன. 2023 ஜூன் 4-இல் மணிப்பூரின் இம்பால் மேற்கு மாவட்டத்தில், குண்டுக் காயத்துடன் சிறுவன் ஒருவனை ஏற்றிச் சென்ற ஆம்புலன்ஸைக் கும்பல் தீ வைத்து எரித்தது. சிறுவன், அவனது தாய், உறவினர் ஆகிய மூவரும் மாண்டனர். அந்த வண்டிக்குப் போலீஸ் பாதுகாப்பு தரப்பட்டிருந்தது. பெயரளவிலான பாதுகாப்பு நோயாளியையும் காப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?: 2020-இல் திருத்தப்பட்ட தொற்றுநோய்கள் சட்டம், மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோருக்குக் கடும் காயம் நேர்ந்தால் 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. ஆனால் அது தொற்றுநோய்க் காலத்துக்கு மட்டுமே பொருந்தும். அதுவும் அடி விழுந்த பின்னரே செயல்படும்.

அடி விழும் முன் எச்சரிக்கும் உரிமை, போபால் விஷவாயுப் பேரழிவுக்குப் பின் 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. அபாயகரமான உற்பத்தி நடைபெறும் ஆலைகளின் தொழிலாளர்களுக்கு மட்டுமே அது உரியதாக இருந்தது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு அதை விரிவாக்கியுள்ளது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று அஞ்சும் ஊழியர், நிர்வாகத்திடமும் ஆய்வாளரிடமும் ஒரே நேரத்தில் தெரிவிக்கலாம். நிர்வாகம் ஏற்காவிட்டால், ஆய்வாளரின் முடிவே இறுதியானது.

ஆலைக்கு இது போதுமானதாக இருக்கலாம். கல்வீச்சு நடக்கும் தெருமுனையில் நிற்கும் ஓட்டுநர் எந்த ஆய்வாளருக்காகக் காத்திருப்பார்?

ஊழியர் "பொறுங்கள்" என்று கூறினால், அந்தச் சொல் அந்த நொடியே காவல் துறைக்கான அழைப்பாக மாற வேண்டும். போலீஸ் வந்து சேர எடுத்துக்கொண்ட நேரம் காவல் துறையின் கணக்கில் எழுதப்பட வேண்டும். இவ்விரண்டையும் மாநில அரசுகள் 108 ஒப்பந்தங்களிலேயே நிபந்தனையாகச் சேர்க்கலாம். புதிய சட்டம் தேவையில்லை. பாதுகாப்பான வழிக்காக ஒவ்வொரு முறையும் நள்ளிரவில் நீதிபதியின் கதவைத் தட்ட இயலாது.