அம்புக்குறி ஏன் தாவுகிறது?

விண்டோஸை மேம்படுத்திய கையோடு மவுஸ் தறிகெட்டு ஓடுகிறதா? புது மவுஸ் வாங்கக் கிளம்ப வேண்டாம். அம்புக்குறி திரையில் எங்கே நிற்கிறது என்பதே மவுஸுக்குத் தெரியாது. எவ்வளவு நகர்ந்தோம் என்ற எண்ணை மட்டும், சாதாரண யுஎஸ்பி மவுஸ் என்றால் நொடிக்கு 125 முறை வரை, அது அனுப்புகிறது. அந்த எண்ணை எத்தனை பிக்சலாக மாற்றுவது என்பது இயங்குதளத்தின் முடிவு. வேகமாக இழுத்தால் கூடுதல் தூரம் பாயவைக்கும் முடுக்கமும் அதில் உண்டு. அதற்குத் துல்லியத்தை மேம்படுத்தும் வசதி என்று பெயர். பலருக்குத் துல்லியத்தைக் கெடுப்பதே அதுதான்! மேம்படுத்தலில் பழைய அமைப்பு அழிந்து, அது மறுபடி இயங்கத் தொடங்கியிருக்கலாம். மவுஸ் அமைப்புகளில் அந்த வசதிக்கான டிக்கை எடுத்துப் பாருங்கள்.

விட்டுவிட்டு நகர்ந்தால் கதை வேறு. மின்சாரத்தைச் சேமிக்க யுஎஸ்பி இணைப்பைத் தூங்கவைக்கும் வசதியை நிறுத்திப் பாருங்கள். வயர்லெஸ் மவுஸ் என்றால், பக்கத்துத் துளையில் யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் இருக்கிறதா என்றும் கவனியுங்கள். அதன் மின் இரைச்சல், மவுஸ் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் குறுக்கிடும். பாவம், அதில் விண்டோஸுக்குப் பங்கில்லை.