வித்வான் வராத சபா

இங்கிலாந்தின் சிற்றூர்களில் இன்னும் நடந்துவரும் இசைத்தட்டுச் சங்கங்கள், எந்த மேடைக் கச்சேரியாலும் முடியாத ஒரு காரியத்தைச் செய்கின்றன.

செப்டம்பர் பிறந்து பொழுது சீக்கிரம் சாயத் தொடங்கியதும் இங்கிலாந்தின் சிறு நகரங்களில் ஒரு வகை சபாவுக்கு சீசன் தொடங்குகிறது. தேவாலயத்தை ஒட்டிய கூடம், நூலகத்தின் மாடி அறை, ஊர்ப் பொது மண்டபம் என்று எதுவாகவும் இருக்கலாம் அந்த இடம். இருபது முப்பது நாற்காலிகள். எதிரே ஒரு மேசை, அதன் மேல் சி.டி. பிளேயரும் ஆம்ப்ளிஃபயரும், இரண்டு பக்கமும் ஸ்பீக்கர்கள். பாட யாரும் வரப்போவதில்லை, வாசிக்கவும் இல்லை. குறித்த நேரத்துக்கு உறுப்பினர் ஒருவர் எழுந்து இன்று என்ன கேட்கப்போகிறோம், ஏன் கேட்கப்போகிறோம் என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்துகிறார். அதன் பிறகு பேச்சு கிடையாது.

இவற்றை இப்போது ‘ரிக்கார்டட் மியூசிக் சொசைட்டி’ என்கிறார்கள். முன்பு ‘கிராமபோன் சொசைட்டி’. 1936-ல் இப்படிப்பட்ட சங்கங்கள் ஒன்றுகூடி ஒரு தேசியக் கூட்டமைப்பை உருவாக்கின. பெயர் மாறியிருக்கிறது, அமைப்பு இன்றும் இருக்கிறது. சீசன் பெரும்பாலும் இலையுதிர் காலத்தில் தொடங்கி வசந்தத்தில் முடியும். வாரம் ஒரு கூட்டம், அல்லது இரண்டு வாரத்துக்கு ஒன்று. தேதி, தலைப்பு, வழங்குபவர் பெயர் ஆகியவற்றை அச்சிட்ட அட்டை முன்கூட்டியே உறுப்பினர் கைக்கு வந்துவிடும். வருடச் சந்தா உண்டு. நடுவில் தேநீர், பிஸ்கட்டுடன் இடைவேளை உண்டு. பொது இடத்தில் இசைத்தட்டு ஒலிக்கவிட உரிமம் வேண்டும் என்பதால், அந்த அலைச்சலில் சங்கங்களுக்குக் கைகொடுப்பதும் கூட்டமைப்பின் வேலைகளில் ஒன்று.

உலகத்தின் இசையெல்லாம் சட்டைப்பையில் இருக்கும்போது, மழையில் நனைந்துகொண்டு போய் யாரோ போடும் சி.டி.யைக் கேட்பானேன்? இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் இந்தச் சங்கங்கள் எப்படி முளைத்தன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எட்டுப் பக்கத்தில் ஒரு சிம்பொனி

நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் பழைய இசைத்தட்டின் பெரிய அளவு 12 அங்குலம். அதன் ஒரு பக்கத்தில் நாலு நிமிடமும் கொஞ்சமும்தான் அடங்கும். 1913-ல் ஆர்தர் நிகிஷ் பெர்லின் ஃபில்ஹார்மோனிக் குழுவை நடத்திப் பதிவுசெய்த பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனிக்கு எட்டுப் பக்கங்கள் தேவைப்பட்டன. பக்கம் முடிந்ததும் எழுந்து தட்டை மாற்ற வேண்டும், சாவி கொடுக்க வேண்டும், முள்ளையும் மாற்ற வேண்டும். தட்டு செய்யும் கலவையில் அரக்கோடு கல்மாவும் சேர்த்திருப்பார்கள். அந்த மாவு எஃகு முள்ளை அராவித் தட்டின் பள்ளத்துக்குப் பொருந்தும்படி தேய்த்துவிடும், அதனால் ஒரு பக்கத்துக்கு ஒரு முள் என்பது விதி. தட்டின் மேல் உயிரை வைத்திருந்தவர்கள் மூங்கில் முள்ளோ செடியின் முள்ளோ பொருத்தி, அதைச் சீவிச் சீவிப் பயன்படுத்தினார்கள். அந்த அரக்கில் பெரும்பங்கு போனது இந்தியாவிலிருந்து. சோட்டா நாக்பூர் காட்டு மரங்களில் பூச்சிகள் சுரந்த பிசின்தான் லண்டன் வீடுகளில் பீத்தோவனாகச் சுழன்றது.

சிம்பொனி ஒன்றின் முழுத் தொகுப்பை வாங்குவது சாதாரணச் சம்பளக்காரருக்குப் பெரிய செலவு. நல்ல கருவியோ அதைவிடப் பெரிய செலவு. ஒருவரிடம் கருவி இருந்தது, இன்னொருவரிடம் தட்டு இருந்தது, மூன்றாமவருக்குக் கேட்கும் ஆசை மட்டும் இருந்தது. மூவரும் ஒரு கூரையின் கீழ் சேர்ந்தால் சங்கம். 1919-ல் லண்டனில் தொடங்கிய ஒரு சங்கத்துக்குத் தாமஸ் எடிசனே புரவலராக இருந்தார். 1923-ல் நாவலாசிரியர் காம்ப்டன் மெக்கன்சி ‘தி கிராமபோன்’ என்ற இதழைத் தொடங்கியதும், அங்கங்கே தனித்தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குத் தங்களைப் போலப் பலர் இருப்பது தெரிந்தது.

இந்த ரசிகர்கள் கேட்பதோடு நிற்கவில்லை. 1931-ல் எச்.எம்.வி. நிறுவனத்தில் வேலை பார்த்த வால்டர் லெக் என்ற இளைஞர், ஹூகோ வொல்ஃபின் பாடல்களைத் தட்டில் கொண்டுவர ஒரு வழி சொன்னார். யார் வாங்குவார்கள் என்று கம்பெனி தயங்கிய இசை அது. 500 பேர் முன்பணம் கட்டினால் பதிவுசெய்வது என்பது ஏற்பாடு. ஆள் சேர்ந்தது. அவர்களில் நூறு பேருக்கு மேல் ஜப்பானில் இருந்தார்கள்! அதே சந்தா முறையில்தான் பியானோ கலைஞர் ஆர்தர் ஷ்னாபெல் பீத்தோவனின் 32 பியானோ சொனாட்டாக்களையும் 1932-லிருந்து 1935-க்குள் வாசித்து முடித்தார். அந்தத் தொகுதி இன்றுவரை விற்பனையில் இருக்கிறது.

பிறகு தொழில்நுட்பம் ஓடத் தொடங்கியது. எல்.பி. தட்டு 1948-ல் அமெரிக்காவிலும் 1950-ல் பிரிட்டனிலும் வந்தது. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் தடங்கலின்றி ஓடியது. 1983-ல் சி.டி. பிரிட்டனுக்கு வந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் வசதி ஏறியது, காலப்போக்கில் விலையும் இறங்கியது. பணம் போதாமல் கூடிய கூட்டம் அப்போதே கலைந்திருக்க வேண்டும். அது கலையவில்லை என்றால், கூடியதில் வேறு ஏதோ லாபம் இருந்திருக்கிறது என்றுதான் பொருள்.

ஒரே செல்லோ, 37 வருட இடைவெளி

அந்த லாபத்துக்கு ஓர் உதாரணம். ஆங்கில இசையமைப்பாளர் எட்வர்டு எல்கரின் செல்லோ கான்செர்ட்டோ 1919 அக்டோபரில் லண்டனில் முதன்முதலாக அரங்கேறியது. ஒத்திகைக்குப் போதிய நேரம் கொடுக்கப்படவில்லை; எல்கரே நடத்தியும் அரங்கேற்றம் சோபிக்கவில்லை. அன்று வாத்தியக்குழுவின் செல்லோ வரிசையில் 19 வயதுப் பையன் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெயர் ஜான் பார்பிரோலி.

1928-ல் எல்கர் அதே படைப்பைப் பியாட்ரிஸ் ஹாரிசனை வாசிக்கவைத்துப் பதிவுசெய்தார். 1924 மே மாத இரவில் தன் தோட்டத்தில் நைட்டிங்கேல் பறவைகளோடு சேர்ந்து செல்லோ வாசித்து, அது பி.பி.சி.யில் நேரடியாக ஒலிபரப்பானதால் நாடறிந்தவர் ஹாரிசன். 1965 ஆகஸ்டில் மறுபடி ஒரு பதிவு: செல்லோ 20 வயது ஜாக்குலின் டு ப்ரே, நடத்தியவர் அதே பார்பிரோலி, இடம் லண்டனின் கிங்ஸ்வே ஹால். ஒலிக்குப் பேர்போன அந்த மண்டபத்தின் அடியில் அப்போது பிக்காடிலி சுரங்க ரயில் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே எடுத்த பதிவுகள் பலவற்றில், நல்ல ஸ்பீக்கரில் கேட்டால், ரயிலின் உறுமல் கீழே கேட்கும்.

இந்த இரண்டு பதிவுகளையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். 1928-ல் இசை நின்று நிதானிப்பதில்லை, முன்னே போய்க்கொண்டே இருக்கிறது. தந்தி வாத்தியங்கள் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போகின்றன. அன்றைக்கு அதுதான் வழக்கம். 1965-ல் ஒவ்வொரு வாக்கியமும் கனத்து இறங்குகிறது, துக்கம் முழுதாக வெளியே வந்துவிடுகிறது. டு ப்ரேயின் தட்டிலேயே இந்தப் படைப்பை அறிந்து, அதுதான் எல்கர் என்று மனத்தில் பதித்துக்கொண்டவர்களுக்கு, எழுதியவரே நடத்திய பதிவு வேறு ஊர்ப் பாஷைபோல இருக்கும். எது சரி? எழுதியவர் சொன்னதா, பிறகு வந்தவர்கள் கண்டெடுத்ததா? அரங்கேற்றத்தில் உட்கார்ந்திருந்த பார்பிரோலியே இரண்டாம் பதிவை நடத்தினார் என்பது வழக்கை இன்னும் சிக்கலாக்குகிறது.

இந்த மாலையை உலகத்தின் எந்த அரங்கமும் ஏற்பாடு செய்ய முடியாது. கச்சேரி என்பது ஒரு நாள், ஒரு குழு, ஒரு வாசிப்பு. காலத்தைக் குறுக்கே வெட்டி, இறந்தவர்களையும் இருப்பவர்களையும் அருகருகே வைத்துக் கேட்க இசைத்தட்டு வேண்டும். அதைப் பற்றிச் சண்டைபோட ஆட்கள் வேண்டும். இசைத்தட்டுச் சங்கத்தைக் கச்சேரிக்குப் போக முடியாதவர்களின் ஏழைப்பங்கு என்று நினைப்பவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

இருமலோடு சேர்ந்த பதிவு

1938 ஜனவரி 16-ம் தேதி வியன்னாவில் புரூனோ வால்டர் மாலரின் ஒன்பதாம் சிம்பொனியை நடத்தினார். மாலர் இறந்த மறுவருடம், 1912-ல், அந்தச் சிம்பொனியை முதன்முதலில் அரங்கேற்றியவரும் அவரே. அன்றைய கச்சேரியை எச்.எம்.வி. அப்படியே பதிவுசெய்தது, பத்துத் தட்டு, இருபது பக்கம். பொறுப்பாக நின்றவர் ஃபிரெட் கெய்ஸ்பெர்க். 1902-ல் மிலான் நகரில் பாடகர் கரூசோவையும் அதே வருடம் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானையும் பதிவுசெய்தவர் அவர்தான்.

கச்சேரி முடிந்து இரண்டு மாதம் ஆகவில்லை, ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. யூதரான வால்டருக்கு வியன்னாவில் இனி இடமில்லை. 1881 முதல் அன்று வாசித்த வாத்தியக்குழுவின் முதல் வயலினாக இருந்த, மாலரின் தங்கை கணவரான ஆர்னால்டு ரோசே வெளியேற்றப்பட்டு லண்டனில் அடைக்கலம் புகுந்தார். 1946-ல் அங்கேயே இறந்தார். அவருடைய மகள் அல்மா, ஆஷ்விட்ஸ் முகாமில் பெண்கள் வாத்தியக்குழுவை நடத்தி, 1944-ல் அங்கேயே மடிந்தார்.

பதிவில் அரங்கத்தின் இருமல்கள் கேட்கின்றன. தனியாகக் கேட்டால் அது தொந்தரவு. வழங்குபவர் மேலே உள்ள நாலு தகவல்களைச் சொல்லிவிட்டு ஒலிக்கவிட்டால், அதே இருமல் வேறாகிவிடுகிறது: இருமியவர் யார், மார்ச்சில் அவர் எந்தப் பக்கம் நின்றார்? வால்டர் 1961-ல் கலிஃபோர்னியாவில் இதே சிம்பொனியை மறுபடி பதிவுசெய்தார். முதல் பதிவு 70 நிமிடத்தை ஒட்டியது, பிந்தையது 80-ஐத் தாண்டியது. கிழவரின் நிதானமா, அல்லது 1938-ல் காற்றில் இருந்த பதற்றமா என்பதை இடைவேளைத் தேநீரில் அலசலாம்.

வழங்குபவரின் பொறுப்பு

இந்தச் சபாவில் கலைஞர் ஸ்தானத்தில் இருப்பவர் வழங்குபவர்தான். ஓய்வுபெற்ற ஆசிரியரோ, தபால்காரரோ, மருத்துவரோ, யாராகவும் இருக்கலாம். அவரிடம் எதிர்பார்ப்பது தேர்வும் வரிசையும். ஒரு நகரத்தின் இசை, ஒரு வருடத்தின் இசை, ஒரே நடத்துநரின் வாழ்க்கை, உறுப்பினர் விருப்பம், வாசிப்பவர் பெயரை மறைத்துக் கண்டுபிடிக்கச் சொல்லும் மாலை என்று தலைப்புகள் பல.

நேர்மையும் வேண்டும். பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்களைப் பியானோ கலைஞர் க்ளென் கூல்ட் 1955-ல் 38 நிமிடத்தில் வாசித்தார். 1981-ல் 51 நிமிடம். இளமையின் அவசரம், முதுமையின் ஆழம் என்று கதை கட்டிக் கைதட்டு வாங்குவது சுலபம். ஆனால் பின்னதில் சில பகுதிகளை அவர் இருமுறை வாசித்திருக்கிறார். கூடுதல் நேரத்தில் ஒரு பங்கு அதனால் வந்தது. இதைச் சொல்லிவிட்டு, தொடக்கத்தில் வரும் ‘ஆரியா’ என்ற பகுதியை மட்டும் இரண்டு பதிவுகளிலும் போட்டுக்காட்டுபவர் நல்ல வழங்குபவர்.

கெட்ட வழங்குபவர்களும் உண்டு. இசையைவிட அதிகமாகப் பேசுவார்கள், துண்டு துண்டாக வெட்டிப் போடுவார்கள், வேறு யாரிடமும் இல்லாத தட்டு தன்னிடம் இருப்பதைக் காட்டவே வருவார்கள். முழுப் படைப்பையும் போடுவதா பகுதிகளா, புது ஸ்பீக்கர் வாங்குவதா இருப்பதே போதுமா என்பவை தீராத வழக்குகள்.

இன்று இச்சங்கங்களின் பெரிய கவலை வயது. நாற்காலிகளில் நரைத்த தலைகளே அதிகம். ஆம்ப்ளிஃபயரைத் தூக்கவும் கணக்கு எழுதவும் அடுத்த தலைமுறை வரவில்லை. சில சங்கங்கள் மூடிவிட்டன. ஒரு உறுப்பினர் மறைந்தால் அவர் வாழ்நாள் முழுவதும் சேர்த்த தட்டுகளை என்ன செய்வதென்று வீட்டாருக்குத் தெரிவதில்லை. ஒலியின் பிரதி எங்காவது இணையத்தில் கிடைத்துவிடும். எந்தப் பதிவுக்குப் பக்கத்தில் எந்தப் பதிவை வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது மட்டும் எங்கும் கிடைக்காது.

அந்த அறிவை வளர்க்கப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். ஒரு அறை, இரண்டு ஸ்பீக்கர், முன்கூட்டியே கேட்டுத் தயாரித்து வந்த ஒருவர், முடியும்வரை கைபேசியைத் தொடாத பத்துப் பேர். முதல் கூட்டத்துக்கு எல்கரின் 1928, 1965 பதிவுகள் இரண்டே போதும். சேர்த்துக் கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வாதம் அதைவிட நீளும்.