துணைவினையும் காலமும்

தூத்துக்குடி மாவட்டத்தில், தாமிரபரணியின் தென்கரையில் அமைந்துள்ள ஆதிச்சநல்லூர்ப் புதைமேட்டை 1876ஆம் ஆண்டு ஜெர்மானியரான ஜாகோர் அகழ்ந்தார். அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை அங்கு விரிவாக ஆய்வு செய்தார். முதுமக்கள் தாழிகளோடு பொன்னாலான நெற்றிப்பட்டங்களும் வெளிப்பட்டன. அவற்றை அணிந்தவரை எவரும் நேரில் கண்டதில்லை. எனவே, ‘அணிந்தனர்’ என்று எழுதுவதா, ‘அணிந்திருக்கலாம்’ என்று எழுதுவதா, ‘அணிந்திருக்க வேண்டும்’ என்று எழுதுவதா என்னும் வினா எழுகிறது. மூன்றும் இறந்தகாலச் செய்தியே. வேறுபடுவது எழுதுபவரின் துணிவு.

ஆங்கிலத்தில் இவ்வேறுபாட்டைக் காட்டுபவை மே, மஸ்ட், கேன், குட், ஷுட் முதலிய துணைவினைகள். ‘குட்’ என்பது ‘கேன்’ என்பதன் இறந்தகாலம் என மனனம் செய்த மாணவர் இங்கே இடறுகின்றனர். முத்துக்குளித்த முதியவர் ஒருவரைக் குறித்து ‘குட் டைவ்’ என்றால், அவரால் அக்காலத்தில் மூழ்க முடிந்தது என்பது பொருள். அங்கு அது இறந்தகாலமே. ‘குட் ரெய்ன் டுமாரோ’ என்னும்போதோ நாளை மழை பெய்யக்கூடும் என எதிர்காலத்தைச் சுட்டுகிறது. உதவி கேட்கும்போது அதே சொல் பணிவைக் காட்டுகிறது. வடிவம் பழையது; காலம் வேறு. ‘மஸ்ட்’ என்னும் சொல்லும் பழைய ஆங்கிலத்தில் இறந்தகால வடிவமாக இருந்ததே. இன்று கடந்துபோன கடமையைச் சொல்ல அது உதவாது. ‘ஹேட் டு’ என்பதே வேண்டும். ‘தோண்ட வேண்டியிருந்தது’ என்பது அதன் தமிழ் நிகர்.

கடந்ததை ஊகித்துரைக்கும்போது துணைவினை மாறுவதில்லை. அதன்பின் வரும் ‘ஹேவ்’ என்பதும் அதைத் தொடரும் வினையெச்ச வடிவமுமே காலத்தைச் சுமக்கின்றன. ‘மே ஹேவ் வோர்ன்’ என்றால் அணிந்திருக்கலாம். ‘மஸ்ட் ஹேவ் வோர்ன்’ என்றால் அணிந்திருக்க வேண்டும். தமிழிலும் ‘இரு’ என்பதே அப்பணியைச் செய்கிறது. ‘உள்ளே வரலாம்’ என்பதில் அனுமதியும் ‘மழை வரலாம்’ என்பதில் வாய்ப்பும் ஒரே விகுதியால் உணர்த்தப்படுகின்றன. ‘மே’ என்பதற்கும் இவ்விரு பொருளும் உண்டு. வெவ்வேறு மொழிக்குடும்பங்களைச் சேர்ந்தவை இப்படி ஒத்துப்போவது வியப்பே.

ஒப்புமை முடியும் இடத்தில்தான் மொழிபெயர்ப்பாளர்க்குச் சிக்கல் தொடங்குகிறது. ‘அகழ்ந்தவர் தாழிகளின் இருப்பிடத்தைக் குறித்து வைத்திருக்க வேண்டும்’ என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். உறுதியாகக் குறித்திருப்பார் என்பது ஒரு பொருள். ஆங்கிலத்தில் அது ‘மஸ்ட் ஹேவ்’. குறித்திருக்க வேண்டியவர் குறிக்கத் தவறினார் என்பது மற்றொரு பொருள். அது ‘ஷுட் ஹேவ்’. முன்னது ஊகம், பின்னது குறைகூறல். மாற்றி எழுதினால் பாராட்டுக்குரியவர் பழிக்கு ஆளாவார். ‘குறித்து வைத்திருக்கலாம்’ என்பதும் அவ்வாறே ஐயத்தையும் ஆதங்கத்தையும் ஏற்கும். பேச்சில் குரலின் ஏற்ற இறக்கம் பொருளைக் காட்டிவிடும்; எழுத்தில் முன்பின் தொடர்களையே நாட வேண்டும்.

எதிர்மறையில் ஆங்கிலம் வேறு வழியில் செல்கிறது. ‘இங்கே தோண்டக் கூடாது’ என்னும் தடைக்கு ‘மஸ்ட் நாட்’ வரும். ‘இப்பட்டத்தைக் குழந்தை அணிந்திருக்க முடியாது’ என்னும் ஊகத்துக்கு அது பொருந்தாது. அங்கே ‘காண்ட் ஹேவ்’ என்றே எழுதுதல் மரபு.